பயமுறுத்தும் ஒரு பழங்கதை, ஒரு வாரம்: ஆங்கிலச் சொற்கள் பழக ஒரு வழி

நாளுக்குப் பத்துச் சொல் என்று நோட்டில் எழுதி மனப்பாடம் செய்யும் முறையை நான் இரண்டு வருடம் விடாமல் கடைப்பிடித்தேன். நோட்டு நிறைந்தது. பேச வாயைத் திறந்தால் ஒரு சொல்லும் வரவில்லை. அப்புறம் ஒரு மழைக்கால விடுமுறையில் இங்கிலாந்து நாட்டுப்புறக் கதை ஒன்றைப் படித்தேன். ஒரு பெண் பீப்பாய்க்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒளிந்திருக்கிறாள். வெட்டுப்பட்ட ஒரு கை காற்றில் எகிறி வந்து அவள் மடியில் விழுகிறது. அன்று இரவு எனக்குச் சரியான தூக்கம் இல்லை. ஆனால் அந்தப் பக்கத்தில் இருந்த சொற்களில் ஒன்றுகூட இன்றுவரை மறக்கவில்லை.

சின்ன வயதில் கேட்ட கதைகளில் உங்களுக்கு எது நினைவிருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். நல்லதங்காள் ஏழு குழந்தைகளையும் கிணற்றில் போட்ட கதையை ஒரு முறை கேட்டவர்கள் மறப்பதில்லை. பயமும் துக்கமும் சேர்ந்து வந்தது மனசில் தங்கிவிடும். அந்த வேலையைத்தான் இங்கே ஆங்கிலச் சொற்களுக்குச் செய்யப்போகிறோம்.

எடுத்துக்கொள்ளும் கதையின் பெயர் 'மிஸ்டர் ஃபாக்ஸ்'. ஜோசஃப் ஜேக்கப்ஸ் தொகுத்து 1890-ல் வெளிவந்த 'இங்கிலிஷ் ஃபேரி டேல்ஸ்' நூலில் இருக்கிறது. ப்ராஜெக்ட் குட்டன்பெர்க் தளத்தில் இலவசமாகப் படிக்கலாம். லிப்ரிவாக்ஸ் தளத்தில் தன்னார்வலர்கள் வாசித்த ஒலிப்பதிவும் உண்டு. அச்சில் நான்கு பக்கம் அளவுதான். கதை மிகப் பழையது. ஷேக்ஸ்பியர் தன் 'மச் அடூ அபௌட் நத்திங்' நாடகத்தில் ஒரு பாத்திரத்தின் வாயில் 'அந்தப் பழைய கதையில் வருகிற மாதிரி' என்று இதன் வரிகளைச் சொல்ல வைத்திருக்கிறார். அவர் காலத்திலேயே இது பழைய கதை!

பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு இந்தக் கதை வேண்டாம். ரத்தமும் எலும்புக்கூடும் வெளிப்படையாக வருகின்றன.

முதல் நாள்: அகராதி இல்லாமல்

ஆங்கிலத்தில் இறங்குவதற்கு முன் கதையைத் தமிழில் தெரிந்துகொள்ளுங்கள். முடிவு தெரிந்துவிட்டால் சுவை போய்விடுமே என்று நினைக்க வேண்டாம். தொடக்க நிலையில் இருப்பவருக்குக் கதை தெரிந்திருப்பது கையில் விளக்கு வைத்திருப்பதற்குச் சமம்.

மேரி என்ற பெண்ணுக்கு இரண்டு சகோதரர்கள். மிஸ்டர் ஃபாக்ஸ் என்பவரை மணக்க அவள் சம்மதிக்கிறாள். துணிச்சல்காரர், பணக்காரர்; ஆனால் யார், எந்த ஊர் என்று எவருக்கும் தெரியாது. தன் கோட்டையைப் பற்றி வர்ணிப்பாரே தவிர, வந்து பார் என்று ஒரு நாளும் அழைப்பதில்லை. அவர் வெளியூர் போன நாளில் மேரி தனியாகவே தேடிப் போகிறாள். வெளிவாசலில் 'துணிந்து வா' என்று எழுதியிருக்கிறது. வீட்டு வாசலில் 'துணிந்து வா, ஆனால் அளவுக்கு மீறித் துணியாதே'. மாடியில் ஓர் அறைக் கதவில் அதே வரிகளோடு, 'உன் நெஞ்சின் ரத்தம் சில்லிட்டுவிடும்' என்றும் எழுதியிருக்கிறது. திறந்தால், உள்ளே கொலையுண்ட பெண்களின் உடல்கள். ஓடி இறங்கும்போது ஃபாக்ஸ் இன்னொரு பெண்ணை இழுத்துக்கொண்டு வருகிறார். மேரி பீப்பாய்க்குப் பின்னால் ஒளிகிறாள். மயங்கிக் கிடக்கும் பெண்ணின் விரலிலிருந்து மோதிரம் கழலவில்லை என்று ஃபாக்ஸ் வாளால் கையையே வெட்ட, அது மேரியின் மடியில் வந்து விழுகிறது. மறுநாள் திருமண ஒப்பந்த விருந்தில், கண்டதையெல்லாம் ஒரு கனவு என்று சொல்லி மேரி விவரிக்கிறாள். ஃபாக்ஸ் மறுத்துக்கொண்டே வருகிறார். கடைசியில் அந்தக் கையை எடுத்து நீட்டுகிறாள்.

இப்போது ஒலிப்பதிவைப் போட்டுவிட்டு, கண்ணால் வரிகளைத் தொடர்ந்து ஒரு முறை போங்கள். புரியாத சொல் வந்தால் நிற்க வேண்டாம், பென்சிலால் ஒரு புள்ளி மட்டும். அன்றைக்கு அவ்வளவுதான்.

இரண்டாம் நாள்: வேண்டாத சொற்களைக் கழிப்பது

புள்ளி வைத்த எல்லாவற்றையும் படிக்க உட்கார்ந்தால் மூன்றாம் நாள் புத்தகத்தை மூடிவிடுவீர்கள். 'மோட்' என்றால் அகழி, 'காஸ்க்' என்றால் பீப்பாய். படிக்கும்போது புரிந்தால் போதும், நீங்கள் பேச்சில் பயன்படுத்தப்போவதில்லை. 'லெஸ்ட்' என்பது 'இல்லாவிட்டால் இப்படி ஆகிவிடும்' என்ற பொருளில் வரும் பழைய நடை. 'யெஸ்டர்மார்ன்' இன்று வழக்கிலேயே இல்லை. இவற்றின் பொருளை ஓரத்தில் சின்னதாக எழுதிவிட்டு நகருங்கள். ஃபாக்ஸ் திரும்பத் திரும்பச் சொல்லும் மறுப்பில் ஒரே வாக்கியத்தில் 'நார்', 'நாட்' இரண்டும் சேர்ந்து வரும். அதைக் காதால் ரசியுங்கள், பரீட்சையில் எழுதாதீர்கள். இன்றைய இலக்கணத்தில் அது பிழை.

மிச்சம் இருப்பதில் பாதி உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். இதை நான் கண்டுகொண்டபோது எனக்கு வந்த தைரியம் கொஞ்சமில்லை. 'ஸ்டெயின்' என்ற சொல் புதிதாகத் தெரிகிறதா? அடுப்படியில் இருக்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பாத்திரத்தைப் பாருங்கள். கறை பிடிக்காத எஃகு. அப்படியானால் ஸ்டெயின் என்பது கறை. கதையில் உடல்கள் ரத்தத்தால் 'ஸ்டெயின்ட்' ஆகிக் கிடக்கின்றன. 'லேப்' என்றால் மடி. மடியில் வைப்பதால்தான் லேப்டாப், தமிழில் மடிக்கணினி. 'கிளிட்டர்' என்று பிள்ளைகள் கைவேலைக்கு வாங்கும் மினுமினுப்புத் தூள் இருக்கிறதே, கதையில் வைர மோதிரம் அப்படித்தான் மின்னுகிறது. கம்ப்யூட்டரில் ஃபைலை 'ட்ராக்' (drag) செய்கிறோம்; ஃபாக்ஸ் ஒரு பெண்ணை ட்ராக் செய்கிறார், அதாவது தரதரவென்று இழுத்து வருகிறார். 'ஃபெயின்ட் ஆயிட்டாங்க' என்று நாம் தினமும் சொல்கிறோம். இப்படி வாயில் ஏற்கெனவே புழங்கும் சொற்களைத் தனியாக எழுதுங்கள். அவற்றின் முழுப் பொருளை இந்தக் கதையில்தான் முதன்முறையாகப் பார்க்கிறீர்கள்.

மூன்றாம், நான்காம் நாள்: வினைச்சொற்கள்

இரண்டு நாள் கொடுத்திருக்கிறேன், ஏனென்றால் கதையின் உயிர் வினைச்சொற்களில்தான் இருக்கிறது.

நோட்டில் ஃபாக்ஸின் கோட்டையைப் படமாக வரையுங்கள். படம் அழகாக இருக்க வேண்டியதில்லை: வெளிவாசல், வீட்டு வாசல், கூடம், படிக்கட்டு, மாடி அறை. மேரி நடந்த வழியைக் கோடாகப் போட்டு, ஒவ்வோர் இடத்திலும் அவள் செய்ததை ஆங்கிலத்தில் எழுதுங்கள். வீட்டிலிருந்து கிளம்பும்போது 'செட் அவுட்'. மாடிக்குப் போகும்போது 'வென்ட் அப்'. பிணங்களைக் கண்டபின் இறங்குவது 'ரஷ்ட்', தடதடவென்று. பீப்பாய்க்குப் பின்னால் 'ஹிட்' (hid), ஒளிந்தாள். ஃபாக்ஸ் மாடிக்குப் போனதும் வெளியேறுவது 'கிரெப்ட்', சத்தம் கேட்காமல் பதுங்கிப் பதுங்கி. வாசலைத் தாண்டியதும் 'ரேன்', ஒரே ஓட்டம். எல்லாமே 'போனாள்' என்பதுதான். ஆனால் அவள் நெஞ்சு எப்படி அடித்துக்கொண்டது என்பதை ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகச் சொல்கிறது. 'கிரீப்' என்ற சொல்லின் இறந்த காலம் 'கிரெப்ட்' என்று அட்டவணையில் படித்தால் இரண்டு நாளில் மறந்துபோகும். அந்தப் படிக்கட்டருகே மேரியோடு பதுங்கியவருக்கு மறக்காது.

அடுத்து மோதிரக் காட்சி. தமிழில் 'இழு' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு பல வேலை செய்கிறோம். ஆங்கிலம் இந்தச் சின்னக் காட்சியில் மூன்று சொற்களைப் பயன்படுத்துகிறது. பெண்ணைத் தரையோடு இழுப்பது ட்ராக். மோதிரத்தைப் பிடித்து இழுத்துக் கழற்றப் பார்ப்பது 'புல் ஆஃப்'. உறையிலிருந்து வாளை உருவுவது 'ட்ரா', இறந்த காலத்தில் 'ட்ரூ' (drew). படம் வரைவதற்கும் இதே ட்ராதான். மூன்றையும் கையால் நடித்துக்கொண்டே சொல்லுங்கள்: குனிந்து இழுங்கள், விரலைப் பற்றி இழுங்கள், இடுப்பிலிருந்து உருவுங்கள். என்னிடம் படித்த பிள்ளைகளில் நடித்துப் படித்தவர்கள் இந்த மூன்றையும் ஒரு முறைகூடக் குழப்பிக்கொண்டதில்லை.

இதே வாக்கியத்தில் நம் ஆட்கள் தடுக்கி விழும் உச்சரிப்பு ஒன்று ஒளிந்திருக்கிறது. மோதிரம் கழலாத கோபத்தில் ஃபாக்ஸ் சபித்துத் திட்டியதற்கு 'ஸ்வோர்' என்ற சொல். உடனே உருவிய வாளுக்கு 'ஸோர்ட்'. இரண்டையும் எழுதும்போது 'டபிள்யூ' உண்டு. முதலாவதில் அது ஒலிக்கும், இரண்டாவதில் ஊமை. வாளை 'ஸ்வார்ட்' என்று சொல்லிப் பழகியிருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். 'ஸ்வேர்' என்பதற்குச் சத்தியம் செய்வது, கெட்ட வார்த்தை சொல்வது என்று இரண்டு பொருள் உண்டு. கோர்ட்டில் முதலாவது, இந்தக் கோட்டையில் இரண்டாவது.

ஐந்தாம் நாள்: கதவில் எழுதிய வரி

'போல்ட்' (bold) என்பதும் 'பிரேவ்' என்பதும் ஒன்றா? கதை இரண்டையும் வைத்திருக்கிறது. மேரியைக் கதை சொல்பவர் பிரேவ் என்கிறார். கதவு அவளை போல்டாக இருக்கச் சொல்கிறது. பிரேவ் என்பது பயமுள்ள இடத்தில் கலங்காமல் நிற்கும் வீரம், எப்போதும் பாராட்டுச் சொல். போல்ட் என்பது துணிந்து இறங்குவது. அளவு மீறினால் அதையே குறையாகவும் சொல்வார்கள். அதனால்தான் 'நாட் டூ போல்ட்' என்ற எச்சரிக்கை பொருந்துகிறது. 'டூ' என்பது வெறும் 'மிகவும்' இல்லை, 'தேவைக்கு மீறி'. 'டூ குட்' என்று எதற்கெடுத்தாலும் சொல்லிப் பழகிய நமக்கு இந்தக் கதவு நல்ல வாத்தியார்.

மூன்றாம் கதவில் ரத்தம் 'ரன் கோல்ட்' (run cold). நாம் ரத்தம் உறைந்துவிட்டது என்போம். இங்கே 'ரன்' என்றால் ஓடுவது என்பதைவிட 'ஆகிவிடுவது' என்று எடுத்துக்கொள்ளுங்கள். கிணறு வற்றினால் 'ரன் ட்ரை', கையில் காசுக்குத் தட்டுப்பாடு வந்தால் 'ரன் ஷார்ட்'. ஒரு கதவிலிருந்து மூன்று தொடர்கள் கிடைத்துவிட்டன.

விருந்தில் ஃபாக்ஸ் மேரியைப் பார்த்து 'பேல்' என்கிறார், முகம் வெளிறியிருக்கிறதே என்று. இரவு கெட்ட கனவு கண்டேன் என்கிறாள். 'டிரீம்ஸ் கோ பை கான்ட்ரரீஸ்', கனவுக்கு எதிர்ப்பலன்தான் என்று அவர் சமாதானம் சொல்கிறார். கனவில் செத்தால் ஆயுசு கூடும் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்களே, அதே நம்பிக்கை இங்கிலாந்திலும்!

ஆறாம் நாள்: மேரி சொல்லும் கதை

இத்தனை கதைகளில் இதை நான் தேர்ந்தெடுத்த காரணம் இதுதான். ஒரே கதை இரண்டு முறை சொல்லப்படுகிறது. முதலில் கதைசொல்லி சொல்கிறார்; பிற்பாதியில் மேரி தன் வாயால் அதையே சொல்கிறாள். கோட்டை, அகழி, கறை, பீப்பாய், மோதிரம் எல்லாம் மறுபடி வருகின்றன. திருப்புதல் பயிற்சியைக் கதையே எழுதி வைத்திருக்கிறது.

பிற்பாதியை ஒரு தாளால் மூடி, மேரி பேசும் ஒவ்வொரு பகுதியையும் முதலில் நீங்கள் சொல்லிப் பாருங்கள். பிறகு தாளை இறக்கி ஒப்பிடுங்கள். 'ஷீ' இருந்த இடத்தில் 'ஐ' வரும். 'மிஸ்டர் ஃபாக்ஸ்' இருந்த இடத்தில் 'யூ' வரும், எதிரில் உட்கார்ந்திருப்பவரையே குற்றம் சாட்டுகிறாள் அல்லவா. ஒரு சொல்லை மேரி வேண்டுமென்றே மாற்றுகிறாள், கவனியுங்கள். கதைசொல்லி கையை 'கட் ஆஃப்' செய்தது என்று அமைதியாகச் சொல்லியிருந்தார். மேரி 'ஹேக்ட் ஆஃப்' என்கிறாள். ஃபோனை ஹேக் செய்துவிட்டார்கள் என்று நாம் பேசும் அதே சொல். அதன் பழைய பொருள் கோடரியால் கட்டையைக் கொத்துவதுபோலக் கண்டபடி வெட்டுவது. நேரில் பார்த்தவளுடைய ஆத்திரம் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது.

ஏழாம் நாள்: வாயால் சொல்வது

புத்தகத்தையும் நோட்டையும் மூடிவிட்டு, வரைந்த கோட்டைப் படத்தை மட்டும் முன்னால் வைத்துக்கொண்டு கதையை ஆங்கிலத்தில் சொல்லுங்கள். கேட்க ஒருவர் இருந்தால் நல்லது. இல்லையென்றால் ஃபோனில் பதிவு செய்யுங்கள். தவறு வந்தால் நிறுத்தித் திருத்தாமல் முடிவு வரை போங்கள். கேட்பவர் கையைப் பார்த்துத் திடுக்கிட வேண்டும், அது ஒன்றுதான் குறி. பிறகு பதிவைக் கேட்டு, சொல் கிடைக்காமல் தடுமாறிய இடங்களை மட்டும் கதையில் தேடிப் பாருங்கள். அந்த ஐந்தாறு சொற்களுக்குத்தான் இனி மனப்பாடம் தேவை.

அடுத்த வாரத்துக்கு கிரிம் சகோதரர்கள் தொகுத்த ஜெர்மானியக் கதையான 'தி ராபர் பிரைட்க்ரூம்' எடுத்துக்கொள்ளுங்கள். அதிலும் மணமகள் பீப்பாய்க்குப் பின்னால் ஒளிகிறாள், மோதிரம் போட்ட ஒரு விரல் மடியில் விழுகிறது, விருந்தில் கனவு என்று சொல்கிறாள். எலும்பு ஒன்று, சதை வேறு என்பதால் பழைய சொற்கள் உறுதிப்பட்டு, காட்டுவழியில் அவள் தூவிச் செல்லும் பட்டாணியும் பயறும் புதுச் சொற்களாக வந்து சேரும். அதற்கடுத்த வாரம் பிரெஞ்சுக்காரர் சார்ல் பெரோ 1697-ல் வெளியிட்ட 'புளூபியர்ட்' கதையின் ஆங்கில வடிவம். அங்கே தடைசெய்த அறையின் சாவியில் படிந்த ரத்தத்தை அந்தப் பெண் எத்தனை முறை தேய்த்தாலும் போகாது. அந்த 'ஸ்டெயின்' வரும்போது உங்களுக்கு அகராதி தேவைப்படாது.