டாக்டர்களுக்கான காப்பீடு: தொகைக்கு முன் தேதியைப் பாருங்கள்

மருத்துவப் பிழைக் காப்பீட்டுப் பாலிசி கைக்கு வந்ததும் எல்லோரும் பார்ப்பது காப்பீட்டுத் தொகையும் பிரீமியமும்தான். அதே பக்கத்தில் ‘ரெட்ரோஆக்டிவ் தேதி’ என்று ஒரு வரி இருக்கலாம்: எந்த நாளிலிருந்து செய்த சிகிச்சைகளுக்குப் பாலிசி பொறுப்பேற்கும் என்பதைச் சொல்லும் தேதி அது. க்ளெய்ம் நிற்குமா விழுமா என்பது பல நேரம் அந்த ஒரு வரியில் இருக்கிறது.

சிகிச்சை நடப்பது ஒரு நாள், புகார் வருவது வேறொரு நாள். 2021 மார்ச்சில் செய்த அறுவை சிகிச்சைக்கு 2024 ஆகஸ்டில் வக்கீல் நோட்டீஸ் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். உங்களுடையது ‘அக்கரன்ஸ்’ வகை என்றால், 2021-ல் இருந்த பாலிசிதான் பதில் சொல்லும். அது என்றோ முடிந்திருந்தாலும் பரவாயில்லை. ‘க்ளெய்ம்ஸ்-மேட்’ வகை என்றால், நோட்டீஸ் வந்த நாளில் நடப்பில் இருக்கும் பாலிசி பொறுப்பேற்கும். ஆனால் சிகிச்சை நடந்த நாள் ரெட்ரோஆக்டிவ் தேதிக்கு முந்தியதாக இருக்கக் கூடாது. பல ஆண்டு கழித்து வரக்கூடிய வழக்குக்கு இன்றே விலை வைக்க முடியாமல் நிறுவனங்கள் திணறிய 1970களில் அமெரிக்காவில் பரவிய முறை இது.

இதில் அடிக்கடி நடக்கும் தவறு நிறுவனம் மாறும்போதுதான். ஐந்தாண்டு ஒரே இடத்தில் இருந்துவிட்டு, பிரீமியம் குறைகிறதே என்று 2024 ஜனவரியில் வேறு நிறுவனத்துக்குப் போகிறீர்கள். புதிய பாலிசியில் ரெட்ரோஆக்டிவ் தேதி 2024 ஜனவரி என்றே அச்சாகியிருந்தால், பழைய ஐந்தாண்டுச் சிகிச்சைகள் எந்தப் பாலிசியிலும் இல்லை. பிரீமியம் குறைந்ததற்கே அதுதான் காரணமாக இருக்கலாம். பழைய தேதியைத் தொடர்ந்து தருவதாகப் பாலிசியிலேயே எழுதி வாங்குங்கள். ஏஜென்ட் வாயால் சொல்வது செல்லாது. புதுப்பிக்கத் தவறி இடைவெளி விழுந்தாலும் இதே கதைதான்.

க்ளெய்ம்ஸ்-மேட் வகையில், வேலையை விடும்போதும் ஓய்வு பெறும்போதும் தேவைப்படுவது ‘டெயில்’: பாலிசி முடிந்த பிறகு வரும் புகார்களைப் பதிவு செய்யக் கூடுதல் காலம். இதன் விலை ஓராண்டு பிரீமியத்தைப் போல இரண்டு மடங்கு வரைக்கும், சில சமயம் அதற்கு மேலும் போகும். ஆகவே மருத்துவமனையில் சேரும்போதே, விலகினால் டெயிலுக்குப் பணம் யார் கட்டுவது என்பதை ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள். மரணம், நிரந்தர ஊனம், ஓய்வு ஆகியவற்றுக்குச் சில நிறுவனங்கள் இதை இலவசமாகத் தருகின்றன. நிபந்தனைகளைப் படித்துப் பாருங்கள்.

தொகைக்கு வருவோம். ஒரு வழக்குக்கு இவ்வளவு, ஓராண்டு முழுவதற்கும் இவ்வளவு என்று இரண்டு உச்சவரம்பு இருக்கும். அதைவிட முக்கியமான கேள்வி, வக்கீல் செலவு அந்த வரம்புக்குள் வருகிறதா, வெளியிலா என்பது. வரம்பு 100, வழக்குச் செலவு 35 என்றால், உள்ளே வரும் பாலிசியில் இழப்பீட்டுக்கு மிஞ்சுவது 65தான். நிபுணர் சாட்சிகளை வைத்து ஆண்டுக்கணக்கில் இழுக்கும் வழக்கில் இது சின்ன வித்தியாசம் இல்லை.

சமரசம் யார் கையில் என்றும் கேளுங்கள். உங்கள் சம்மதம் இல்லாமல் நிறுவனமே பணம் கொடுத்து முடித்துக்கொள்ளலாம் என்றால், தவறு செய்யாத டாக்டரின் பெயரிலும் ஒரு பதிவு ஏறிவிடும். சம்மதம் வேண்டும் என்று எழுதியிருந்தாலும் நிம்மதியாகிவிடாதீர்கள். 40-க்கு முடிக்கலாம் என்று நிறுவனம் சொல்லி, நீங்கள் மறுத்து, தீர்ப்பு 70 என்று வந்தால், மீதி 30 உங்கள் தலையில் விழும்படி ஒரு ஷரத்து பின்னால் ஒளிந்திருக்கலாம்.

கிளினிக் நடத்துபவருக்குத் தனிப்பட்ட பாலிசி மட்டும் போதாது. செவிலியர் மருந்தளவை மாற்றிக் கொடுத்தாலும், விடுப்புக்கு வந்த மாற்று டாக்டர் நோயைத் தவறவிட்டாலும் வழக்கு கிளினிக்கின் மேலும் பாயும். கிளினிக்கின் பெயரில் தனி வரம்பு வேண்டும். ஐந்து டாக்டர்கள் ஒரே வரம்பைப் பங்குபோட்டால், ஒருவருடைய பெரிய வழக்கு மற்ற நால்வரின் பாதுகாப்பையும் தின்றுவிடும். புதிதாக அழகுசார்ந்த சிகிச்சையோ தொலைமருத்துவமோ தொடங்கினால், முதல் நோயாளியைப் பார்ப்பதற்கு முன்பே நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். குற்றச் செயல், அபராதம், ‘நிச்சயம் குணமாகும்’ என்று கொடுத்த உத்தரவாதம் ஆகியவை பெரும்பாலும் விலக்குப் பட்டியலில் இருக்கும்.

நோட்டீஸ் வரும்வரை காத்திருக்க வேண்டாம். எதிர்பாராத மரணம், தவறான பக்கத்தில் அறுவை, வக்கீல் மூலம் கேஸ் ஷீட் நகல் கேட்பது, இவற்றில் எது நடந்தாலும் உடனே எழுத்தில் தெரிவியுங்கள். பல க்ளெய்ம்ஸ்-மேட் பாலிசிகளில், புகார் பின்னால் வந்தாலும் அது தெரிவித்த ஆண்டின் கணக்கில் சேரும். தெரிந்தும் சொல்லாமல் புதுப்பித்தால், விண்ணப்பத்தில் மறைத்ததாகச் சொல்லி க்ளெய்மையே தள்ளிவிடுவார்கள்.

கேஸ் ஷீட்டில் எதையும் அடித்துத் திருத்தாதீர்கள். விட்டுப்போன குறிப்பைச் சேர்த்தே ஆக வேண்டுமென்றால், எழுதும் நாள், நேரம், ‘பிற்பதிவு’ என்ற சொல், கையெழுத்து நான்கும் இருக்கட்டும். வழக்கு என்று தெரிந்த பிறகு அதையும் வக்கீலைக் கேட்காமல் செய்யாதீர்கள். காப்பீட்டு நிறுவனத்தோடும் வக்கீலோடும் நடக்கும் கடிதங்களை நோயாளியின் கோப்பில் வைக்காமல் தனியாக வையுங்கள். காலாவதியான பாலிசிகளைத் தூக்கிப் போடாதீர்கள். அக்கரன்ஸ் வகையில் அந்தப் பழைய காகிதம்தான் உங்களிடம் இருக்கும் ஒரே அத்தாட்சி.