ஐதரோஜெல்: பையில் அச்சிட்ட கணக்கை நம்பிச் செய்யும் தவறுகள்

கச்சான் காற்று மண்ணை உலர்த்தும் ஆடி, ஆவணி மாதங்களில் வன்னியின் மேட்டுநிலப் பயிர்களுக்குக் கிணற்று நீரே கதி என்பதால், நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் ஐதரோஜெல் மணிகளின் மீது ஆசை எழுவது இயல்பே. பார்வைக்குச் சீனியைப் போன்ற இம்மணிகள் தம் எடையைப் போல் 300 மடங்கு நீரைக் குடிக்கும் என்று பையில் அச்சிட்டிருப்பார்கள். அது பொய்யன்று, ஆனால் அந்தக் கணக்கு பெரும்பாலும் காய்ச்சி வடித்த நீருக்கானது.

வன்னியில் பல கிணறுகளின் நீர் கேத்திலின் அடியில் வெண்படிவு விடும் கடின நீர். அதிலுள்ள கல்சியமும் மக்னீசியமும் ஜெல்லின் மூலக்கூற்றுச் சங்கிலிகளை ஒன்றோடொன்று பிணைத்து, அது விரிய விடாமல் செய்கின்றன. இரண்டு போத்தல்களில் ஒவ்வொரு கிராம் மணியை இட்டு, ஒன்றில் மழைநீரும் மற்றதில் கிணற்று நீரும் ஊற்றி ஓர் இரவு வைத்துப் பாருங்கள்: முதலாவதில் கண்ணாடி போன்ற கூழ் பொங்கி நிற்கும்; மற்றதில் அதன் பாதியளவுகூட இராது. முதலில் மழைநீரில் ஊறவைத்து இட்டாலும், பிறகு பாயும் கிணற்று நீர் அதைச் சுருக்கிவிடும்.

இதைவிடப் பெரிய தவறு, மணியை வயல் முழுவதும் தூவுவது. ஏக்கருக்கு 2 கிலோ இட்டு, அது உண்மையிலேயே 300 மடங்கு குடித்தாலும் தேங்குவது 600 லீற்றர். ஓர் ஏக்கரில் பரப்பினால் அதன் ஆழம் 0.15 மில்லிமீற்றர். நன்கு வளர்ந்த பயிர் கோடையில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 மில்லிமீற்றர் நீரை இழக்கிறது. எனவே, என் கருத்தில், ஜெல்லுக்கு உரிய இடம் நடுகுழிதான். பப்பாசிக் குழியொன்றில் 20 கிராம் இட்டு, அது கிணற்று நீரில் 100 மடங்கே விரிந்தாலும், ஒவ்வொரு நீர்ப்பாய்ச்சலிலும் 2 லீற்றர் வேரடியில் நிற்கும். கூடுதலாக இட்டால் கூடுதல் நன்மை என்று 100 கிராமைக் கொட்டிவிடாதீர்கள். உப்பற்ற கார்த்திகை மழையில் அது பெரிதாக வீங்கி, மண்ணை மேலே தள்ளிக் கன்றின் வேரை அசைத்துவிடும்.

நீரில் கரைந்த உப்பு ஜெல்லின் வீக்கத்தைக் குறைக்கும் என்ற இதே விதி பசளையோடு கலக்கும்போதும் பொருந்தும். யூரியா கரைந்தாலும் மின்னேற்றமுள்ள அயன்களாகப் பிரியாததால் வீக்கத்தைப் பெரிதாகக் குறைப்பதில்லை, எம்.ஓ.பி. (பொற்றாசியம் குளோரைட்டு), அமோனியம் சல்பேற்று போன்ற உப்புப் பசளைகள் வெகுவாகக் குறைக்கும். வழமையான ஜெல் மறை ஏற்றமுடையது. எனவே நேர் ஏற்றமுள்ள பொற்றாசியத்தையும் அமோனியத்தையும் ஓரளவு பிடித்துவைக்கும், தன்னைப் போலவே மறை ஏற்றமுள்ள நைத்திரேற்றை நீரோடு போக விட்டுவிடும். ஊறிய யூரியாவும் அப்படியே நீரோடு வெளியேறிவிடும் என்பதால், ஜெல் மெல்லத்தான் விடும் என்று நம்பிப் பருவம் முழுவதற்குமான பசளையை ஒரேயடியாக இட்டால் இளவேர் கருகும்.

மேற்பரப்பில் கிடக்கும் ஜெல்லை வெயில் சிதைத்துவிடும். 15 சென்ரிமீற்றர் ஆழத்தில் மண்ணோடு கலந்து இடுங்கள். களிமண் வயலில் பயன் குறைவு, மணற்பாங்கான நிலத்தில் கூடுதல். மலிவு என்று டயப்பரைப் பிரித்தெடுத்த ஜெல்லை இடுவோரும் உண்டு. அது சோடியம் சேர்ந்தது, ஏற்கெனவே உவர் ஏறிய கரையோர மண்ணில் அதற்கு இடமே இல்லை.