கோத்தகிரி பேப்பர் ஏஜென்ட் ஒருவன் அரசியல் செய்தியைப் படிக்கும் முறை

விடியற்காலையில் மேட்டுப்பாளையம் பக்கமிருந்து வேன் ஏறி வரும். கோத்தகிரி பஸ் ஸ்டாண்ட் அருகே கட்டுகளை இறக்கிப் பிரித்து, இணைப்புகளைச் சொருகி, லைன் வாரியாக அடுக்கிப் பையன்களிடம் கொடுத்தனுப்புவதுதான் இருபத்தாறு வருடமாக என் வேலை. கையுறை போட்டால் தாள் பிரியாது. அதனால் மார்கழியிலும் வெறும் கைதான். அந்த அரைமணி நேரம் ஏழெட்டு நாளிதழ்களின் முதல் பக்கம் வரிசையாக என் முன்னால் கிடக்கும். ஒரே நாள், ஒரே சட்டமன்றம், ஒரே பேச்சு. ஆனாலும் ஏழெட்டு வெவ்வேறு ஊரில் நடந்த மாதிரி இருக்கும்.

"அண்ணா, இதுல நடுநிலையான பேப்பர் எது? அதையே போடுங்க" என்று வாடிக்கையாளர்கள் கேட்பார்கள். முன்பெல்லாம் ஏதாவது ஒரு பெயரைச் சொல்வேன். இப்போது சொல்வதில்லை. கையில் இருக்கிற பேப்பரை எப்படி எடை போடுவது என்று சொல்லித் தருகிறேன்.

முதலில், அது யாருடையது என்று பாருங்கள். முரசொலி திமுகவின் நாளிதழ், தீக்கதிர் மார்க்சிஸ்ட் கட்சியின் நாளிதழ், விடுதலை திராவிடர் கழகத்தின் நாளிதழ். இவை மறைப்பதில்லை. இன்னார் குரல் என்று தெரிந்தே படிக்கிறோம், அதில் ஏமாற்று இல்லை. எனக்குக் கவலை தருவது சாய்வை வைத்துக்கொண்டு பொதுப் பத்திரிகை என்று சொல்லிக்கொள்பவைதான். ஒவ்வொரு நாளிதழிலும் ஏதோ ஒரு பக்கத்தின் அடியில் ஆசிரியர், வெளியிடுபவர், அச்சிடுபவர் பெயரெல்லாம் பொடி எழுத்தில் இருக்கும். சட்டப்படி போட வேண்டிய வரி அது. 1956-இன் பத்திரிகைப் பதிவு விதிகளின்படி வருடத்துக்கு ஒருமுறை, மார்ச் மாதத் தொடக்கத்தில், உரிமையாளர் விவரமும் படிவம் 4 என்ற தலைப்பில் வந்துகொண்டிருந்தது. பழைய கட்டு கிடைத்தால் தேடிப் பாருங்கள். மூலதனத்தில் ஒரு சதவீதத்துக்கு மேல் வைத்திருப்பவர்களின் பெயர்கூட அதில் இருக்கும்.

டிவிக்கும் இதே கேள்விதான். 1999-இல் ஜெயா டிவி, 2006-இல் மக்கள் தொலைக்காட்சி, 2007-இல் கலைஞர் டிவி என்று நம் மாநிலத்தில் கட்சிக்கு ஒரு சேனல் வந்தது. அவற்றில் எது எதைக் காட்டாது என்பது ரிமோட் பிடிக்கிற குழந்தைக்கும் தெரியும்.

அடுத்தது, காசு எங்கிருந்து வருகிறது. நீங்கள் கொடுக்கும் விலையில் தாளும் மையும்கூட முழுசாக வராது, மீதி விளம்பரம்தான். அரசு டெண்டர் விளம்பரங்களின் ஓரத்தில் செ.ம.தொ.இ. என்று ஒரு எண் பார்த்திருப்பீர்கள். செய்தி மக்கள் தொடர்புத் துறை வழியாக வந்தது என்று அர்த்தம். ஒரு வாரம் அந்த எண் வரும் விளம்பரங்களையும், அரசை விமர்சிக்கும் செய்திகளையும் தனித்தனியாக எண்ணிப் பாருங்கள். நான் எண்ணியிருக்கிறேன். தனியார் விளம்பரத்திலும் இதே கதைதான். ஒருமுறை தலைவர் ஒருவரின் பிறந்தநாள் சிறப்பு மலருக்கு என்னையே விளம்பரம் பிடிக்கச் சொன்னார்கள். எந்தப் பத்திரிகை என்று சொல்ல மாட்டேன். எங்கள் மலையில் பல பகுதிநேர நிருபர்களுக்குச் சம்பளம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது, விளம்பரக் கமிஷன்தான் வருமானம். காலையில் யாரிடம் விளம்பரம் கேட்டாரோ, மாலையில் அவரைப் பற்றி எப்படி எழுதுவார்? அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவரை அந்த இடத்தில் நிறுத்தியவர்கள் மேல்தான் கோபம்.

தேர்தல் நேரத்தில் இன்னும் கவனம் வேண்டும். 2009 மகாராஷ்டிர சட்டமன்றத் தேர்தலின்போது முதலமைச்சரைப் புகழ்ந்து ஒரே கட்டுரை, வரி மாறாமல், போட்டிப் பத்திரிகைகளில் வெவ்வேறு நிருபர் பெயரோடு வந்தது. பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதை வெளியே கொண்டுவந்தார். காசு வாங்கிப் போட்ட விளம்பரத்தைச் செய்தி மாதிரி காட்டினால் கண்டுபிடிக்க வழி இதுதான்: ஒரு வேட்பாளரைப் பற்றிய செய்தியில் ஒரு குறைகூட இல்லை, எதிர்த்துப் போட்டியிடுபவரின் பெயரே இல்லை என்றால் இன்னொரு பேப்பரை எடுத்து அதே வரிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

மூன்றாவதாகச் சொற்கள். எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இது, தமிழ் தெரிந்தால் போதும். ஒருவர் பேசியதை 'என்றார்' என்று எழுதினால் அது செய்தி. 'சாடினார்', 'மழுப்பினார்', 'ஒப்புக்கொண்டார்' என்று எழுதினால் நிருபரின் தீர்ப்பும் உள்ளே வந்துவிட்டது. 'கூறப்படுகிறது', 'பேசப்படுகிறது' என்று வரும் இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். யார் கூறினார், யார் பேசினார்? பத்து வரிச் செய்தியில் நாலு கோடு விழுந்தால் அது வதந்தி. 'மத்திய அரசு', 'ஒன்றிய அரசு' என்ற சொல் தேர்வும் 2021-க்குப் பிறகு ஒரு அடையாளமாகிவிட்டது. அப்புறம் விகுதி. கைதான அரசியல்வாதி 'கைது செய்யப்பட்டார்', கைதான கூலித் தொழிலாளி 'கைது செய்யப்பட்டான்'. இருவர் மேலும் குற்றம் நிரூபணமாகவில்லை. அந்த ஒரு எழுத்தைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

இவை எல்லாவற்றையும்விட நான் நம்புகிற முறை ஒன்று உண்டு. நீங்கள் நேரில் நின்ற சம்பவத்தின் செய்தியை வைத்துப் பேப்பரை அளந்து பாருங்கள்.

2023 செப்டம்பரில் பசுந்தேயிலைக்குக் கிலோவுக்குக் குறைந்தபட்சம் 33 ரூபாய் 50 காசு கேட்டு, கோத்தகிரி பக்கம் நட்டக்கல்லில் படுகர் சிறு விவசாயிகள் உண்ணாவிரதம் இருந்தார்கள். என் மாமனாருக்கும் ஒன்றரை ஏக்கர் தோட்டம் உண்டு. லைன் முடிந்ததும் போய் உட்கார்ந்திருக்கிறேன். இலை விலை எப்படி அமைகிறது என்று எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தேயிலை வாரியம் ஒன்றிய அரசின் வர்த்தக அமைச்சகத்தின் கீழ் வருவது, மாதாமாதம் சராசரி விலையை அறிவிப்பது அது. கூட்டுறவுத் தொழிற்சாலைகளின் இணையமான இன்கோசர்வ் மாநில அரசின் பொறுப்பில் இருப்பது. ஆக, இலைக்கு விலை இல்லை என்றால் இருவர் வாசலிலும் போய்க் கேட்க வேண்டும்.

இது தெரிந்த ஒருவர் இலை விலைச் செய்தியைப் படிக்கட்டும். ஒரு பேப்பரில் தேயிலை வாரியம் மட்டும் வரும், இன்கோசர்வ் என்ற பெயரே இருக்காது. இன்னொன்றில் மாநில அரசு மட்டும், வாரியம் காணாமல் போயிருக்கும். இரண்டிலும் பொய் என்று ஒரு வரியைக்கூட நீங்கள் காட்ட முடியாது. பாதி உண்மையைச் சொல்லி நிறுத்திவிட்டார்கள், அவ்வளவுதான். சாய்வு பெரும்பாலும் அச்சாகாத வரியில்தான் இருக்கிறது.

இதே மாதிரி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வண்டிகளுக்கு வந்த இ-பாஸ். உத்தரவிட்டது சென்னை உயர் நீதிமன்றம். உங்கள் பேப்பர் தலைப்பில் அதை யார் செய்ததாகப் போட்டது என்று பழைய கட்டில் தேடுங்கள்.

நூறு பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். உங்களுக்கு நேரில் தெரிந்த விஷயம், உங்கள் தெரு ரோடோ, ரேஷன் கடையோ, இலை விலையோ, எது செய்தியாக வந்தாலும் வெட்டி ஒட்டி, விட்டுப்போனதைப் பக்கத்தில் எழுதுங்கள். மூன்று மாதத்தில் அந்தப் பேப்பர் யாரைக் காப்பாற்றுகிறது என்று பிடிபட்டுவிடும். அப்புறம் உங்களுக்கு நேரில் தெரியாத டெல்லிச் செய்தியையும் அதே கழிவு போட்டுப் படிக்கலாம், ஈர இலைக்கு எடையில் கழிப்பது போல.

டிவி விவாதத்துக்கு அதிக நேரம் கொடுக்காதீர்கள். 'அரசியல் விமர்சகர்' என்று உட்கார்ந்திருப்பவர் மற்ற நாட்களில் எந்த மேடையில் பேசுகிறார் என்று மட்டும் பாருங்கள். வாட்ஸ்அப்பில் சேனல் முத்திரையோடு வரும் நியூஸ் கார்டை அந்தச் சேனலின் சொந்தப் பக்கத்தில் தேடி, இருந்தால் மட்டும் அடுத்தவருக்கு அனுப்புங்கள்.

தப்பான செய்தி என்று உறுதியாகத் தெரிந்தால் சும்மா இருக்காதீர்கள். முதலில் ஆசிரியருக்கு எழுதுங்கள். பதில் இல்லையென்றால், நாளிதழாக இருந்தால் செய்தி வந்த இரண்டு மாதத்துக்குள் இந்தியப் பத்திரிகைக் கவுன்சிலுக்கு வெட்டிய செய்தியையும் ஆசிரியருக்கு எழுதிய கடிதத்தின் நகலையும் வைத்துப் புகார் அனுப்பலாம். கவுன்சிலால் அபராதம் போட முடியாது, கண்டிக்க மட்டும்தான் முடியும். டிவி அதன் கீழ் வராது. ஆனாலும் எழுதுங்கள். இலை விலைச் செய்தி ஒன்றில் வாரியத்தின் பெயர் விட்டுப்போனதற்கு நான் எழுதிய கடிதத்துக்கு மூன்று வாரம் கழித்து ஏழாம் பக்கத்தில் நாலு வரித் திருத்தம் வந்தது. அன்றைக்கு அந்தப் பேப்பர் கட்டைப் பிரித்தவனும் நான்தான். ஒரு பிரதியை எடுத்து வைத்து, வெட்டி, அந்தப் பழைய செய்திக்குப் பக்கத்திலேயே ஒட்டியிருக்கிறேன்.