கூடு தொடங்கும் ராணி எறும்புக்கு உணவளிப்பது எப்படி?

மழைக்குப் பின் சிறகுதிர்த்துத் தரையில் அலையும் கட்டெறும்பு ராணியைப் பிடித்து வளர்க்கத் தொடங்குவோர் உடனே கேட்பது, என்ன கொடுக்கலாம் என்பதே. முதல் வேலைக்கார எறும்புகள் வெளிவரும் வரை தண்ணீரைத் தவிர எதுவும் தேவையில்லை. (விளக்கைச் சுற்றும் ஈசல் கரையான் இனத்தது, எறும்பு ராணிக்கு ஒடுங்கிய இடையும் முழங்கைபோல் மடங்கிய உணர்கொம்புகளும் இருக்கும்.)

சிறகுகளை உதிர்த்தபின் ராணிக்குப் பறக்கும் தசைகள் பயன்படுவதில்லை. அவை உடலுக்குள்ளேயே கரைந்து, சேமித்த கொழுப்போடு சேர்ந்து, அவள் முட்டையிடவும் முதற்புழுக்களுக்கு ஊட்டவும் போதுமான உணவாகின்றன. இக்காலத்தில் வைக்கும் தேன் பெரும்பாலும் சிந்திப் பூஞ்சை பிடிக்கும், அல்லது உணவு வைக்கத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அவள் கலவரமடைந்து தன் முட்டைகளையே தின்னக்கூடும்.

ஆகவே, சோதனைக் குழாயின் மூன்றிலொரு பங்கில் தண்ணீர் நிரப்பி, நீரைத் தொடும்படி பஞ்சை இறுக அடைத்து, ராணியை உள்ளே விட்டு, வாயைக் காற்றுப் புகும்படி மற்றொரு பஞ்சால் மூடுங்கள். குழாயை அதிர்வில்லாத, இருட்டான, வெதுவெதுப்பான இடத்தில் வைத்து, வாரத்துக்கு ஒரு முறை பார்த்தால் போதும். சூட்டைப் பொறுத்து முதல் வேலைக்காரர்கள் வெளிவரச் சில வாரங்கள் ஆகும். அதுவரை பொறுப்பதுதான் இந்த வளர்ப்பில் கடினமான வேலை என்பேன்.

வழக்கமான வேலைக்காரர்களைவிடச் சிறியனவாகப் பிறக்கும் அவை வந்த ஓரிரு நாளில், ஒரு பங்கு தேனுக்கு மூன்று பங்கு நீர் கலந்து, குண்டூசித் தலையளவு துளியை அலுமினியத் தாளின் சிறு துண்டில் வைத்து உள்ளே தள்ளுங்கள். துளி பெரிதானால் எறும்புகள் அதில் ஒட்டி இறந்துவிடும். அவை குடித்ததை வயிற்றின் முன்பகுதியில் உள்ள தனிப் பையில் சேர்த்து, வாயோடு வாய் வைத்து ராணிக்கு ஊட்டும். புழுக்கள் வளரப் புரதம் வேண்டும் என்பதால், பழ ஈ ஒன்றையோ கரப்பான் குஞ்சின் கால் ஒன்றையோ கொதிநீரில் முக்கியெடுத்து, ஆறவைத்து, வாரத்துக்கு இரு முறை கொடுக்கலாம். கொதிநீர் அதிலுள்ள உண்ணிகளைக் கொன்றுவிடும். மருந்தடித்த வீட்டில் பிடித்த பூச்சி வேண்டவே வேண்டாம். மிச்சத்தை மறுநாளே எடுத்துவிடுங்கள்.

எல்லா இனங்களும் இப்படிப் பட்டினி காப்பதில்லை. தென்னிந்தியாவில் காணப்படும் துள்ளும் எறும்பான ஹார்பெக்நேத்தஸ் சால்டேட்டரின் ராணி, கூடு தொடங்கும்போதே வெளியே வந்து வேட்டையாடுவாள். இத்தகைய ராணிக்குக் குழாயோடு ஒரு சிறு பெட்டியை இணைத்து, தொடக்கத்திலிருந்தே அதில் சிறு பூச்சிகளை விட வேண்டும். எனவே குழாயை மூடுமுன் உங்களிடம் இருப்பது எந்த இனம் என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள்.