மிகையைக் குறைக்கப் போய்ச் சறுக்கும் இடங்கள்

வன்னியில் கமக்காரர் அமைப்பின் செயலாளராக இருப்பவருக்கு எழுத்துவேலை தப்பாது. வெள்ளம் வந்தால் கடிதம், மழை பொய்த்தால் கடிதம், யானை வயலுக்குள் இறங்கினால் கடிதம். அதில் 'பிரளயம்', 'சொல்லொணாத் துயரம்' என்று அள்ளிப் போட்டவரிடம் 'கொஞ்சம் குறைச்சு எழுதுங்கோ' என்று சொல்லிப் பாருங்கள். அடுத்த கடிதம் 'சிறு பாதிப்பு ஏற்பட்டுள்ளது' என்று வந்து நிற்கும்.

பெரிய தவறு இதுதான்: மிகைக்கு எதிர் குறை என்று நினைப்பது. நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் மிகைபடக் கூறல் இரண்டாவது. அதற்கும் முன்னால், முதல் குற்றமாக, குன்றக் கூறல் இருக்கிறது. அணியிலக்கணத்திலும், மிகைப்படுத்திச் சொல்லும் உயர்வு நவிற்சிக்கு மாற்றாக வைக்கத் தக்கது தன்மை நவிற்சி. உள்ளதை உள்ளபடி சொல்வது, அவ்வளவுதான்.

2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டு, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கமெல்லாம் வெள்ளம் ஏறியது. அப்படி ஒரு நேரத்தில் 'வெள்ள அரக்கன் எங்கள் வாழ்வையே விழுங்கிவிட்டான்' என்று எழுதினால், படிக்கிற அலுவலருக்கு எத்தனை ஏக்கர் என்று தெரியாது. 'பயிர் ஓரளவு பாதிக்கப்பட்டது' என்றாலும் தெரியாது. இப்படி எழுதலாம்: 'இரண்டு நாள் வயலில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. குடலைப் பருவத்தில் இருந்த மூன்று ஏக்கர் நெல் அழுகிவிட்டது. வாய்க்கால் பக்க வரம்பு நான்கு இடத்தில் உடைந்தது.' இதில் அழுகை எதுவும் இல்லை, ஆனால் கமம் செய்தவர் வாசித்தால் வயிறு கலங்கும்.

குறைத்துச் சொல்வது நம் ஆட்களின் பேச்சிலேயே ஊறியது. காலபோக நெல் முழுக்க அழிந்தவரிடம் 'எப்பிடி அண்ணை வெள்ளாமை?' என்று கேட்டால் 'ஏதோ கிடக்குது' என்பார். படலையில் நின்று கேட்பவர் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொள்வார். கமநல சேவை நிலையத்து மேசையில் கிடக்கும் தாளில் அந்த முகம் இல்லையே.

2009 இறுதிப் போரைப் பற்றி எழுதும்போது இது இன்னும் கடுமையாகிறது. 'இரத்த ஆறு' என்று எழுதுகிற இளம் பிள்ளைகள் இருக்கிறார்கள். 'சில அசௌகரியங்கள்' என்று எழுதுகிற அறிக்கைகளும் இருக்கின்றன. மாத்தளனிலிருந்து முள்ளிவாய்க்கால், பிறகு வட்டுவாகல் பாலம் என்று நடந்த வழியையும், பதுங்குகுழிக்குள் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதையும் எழுதினாலே போதும். அடைமொழி ஒன்றும் சேர்க்கத் தேவையில்லை.

அப்புறம், அடக்கம், நிதானம், எளிமை எல்லாம் ஒன்றுதான் என்று மாற்றி மாற்றிப் போடுவது. அடக்கம் ஆளின் குணம். நிதானம் என்றால் பதறாமை. எளிமை ஆடம்பரம் இல்லாதது. ஆர்ப்பாட்டமில்லாத எழுத்துக்கு 'இயல்பான', 'அளவான' என்பவையே பொருந்தும். மரண அறிவித்தலில் 'இறுதிக்கிரியைகள் அடக்கமாக நடைபெறும்' என்று போட்டால், தகனமா நல்லடக்கமா என்று தொலைபேசி எடுத்துத்தான் கேட்பார்கள். அங்கே 'எளிமையாக' என்பதே சரி.

மிகைக்குப் பயந்து அலுவலகத் தமிழுக்குள் ஒளிவதும் உதவாது. 'பயிர்ச்சேதம் ஏற்படுத்தப்பட்டுள்ளமை தங்களின் மேலான கவனத்திற்குக் கொண்டுவரப்படுகின்றது' என்ற வரியில் சொல் நிறைய இருக்கிறது, சங்கதி ஒன்றுதான். நன்னூல் இதையும் விடவில்லை. வெற்றெனத் தொடுத்தல், அதாவது பொருளில்லாமல் சொல்லை அடுக்குவது, என்று பட்டியலில் சேர்த்திருக்கிறது.

'உண்மையிலேயே', 'மிக மிக', மூன்று ஆச்சரியக்குறிகள் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். கடிதம் என்றால் அவற்றுக்குப் பதிலாக வெள்ளம் ஏறிய திகதியையும் வயல்காணியின் இலக்கத்தையும் போடலாம்.