நுரையீரல் ஸ்கேன் கிளினிக்: மெஷினுக்கு வெளியே நடக்கும் தவறுகள்

ஹட்டனிலோ பண்டாரவளையிலோ நுரையீரல் புற்றுநோய்ப் பரிசோதனை தொடங்கினால், மெஷின் எவ்வளவு புதிது என்றுதான் முதலில் பேச்சு வரும். தரம் கெடுவது பெரும்பாலும் அங்கே இல்லை.

நெஞ்சு எக்ஸ்ரே எடுத்து "ஒன்றுமில்லை, போங்க" என்பது பெரிய தவறு. இந்தப் பரிசோதனைக்கு எக்ஸ்ரே பயன்படாது. 2011இல் வெளியான அமெரிக்க ஆய்வில், எக்ஸ்ரே எடுத்தவர்களைவிட, குறைந்த கதிர்வீச்சு சீ.டி. ஸ்கேன் எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் மரணம் 20 சதவீதம் குறைந்தது. அதற்காக வழக்கமான சீ.டி.யையே எடுத்துவிடவும் கூடாது. அதன் கதிர்வீச்சு ஏறத்தாழ 7 மில்லிசீவர்ட். இதற்குச் சுமார் 1.5 போதும்.

அப்புறம், "புகைப்பீங்களா?" என்று மட்டும் கேட்டு ஆளைத் தேர்வது. 2021இன் அமெரிக்க வழிகாட்டல்படி வயது 50 முதல் 80. நாளுக்கு 20 சிகரெட் வீதம் 20 ஆண்டு புகைத்த அளவு. விட்டிருந்தால் 15 ஆண்டுக்குள். கடையில் தனித்தனியாக வாங்கி நாளுக்கு ஐந்து என்று 40 ஆண்டு புகைத்தவருக்கு அதில் பாதிதான் வரும். கணக்குப் போடாமல் தெரியாது. லயத்து அடுப்புப் புகையில் வெந்த பெண்களையும் சேர்க்கலாமே என்று தோன்றும். புகை கெடுதல்தான், ஆனால் அந்த 2011 ஆய்வின் பலன் புகைத்தவர்களுக்கு உரியது. சளியில் இரத்தம் வருபவருக்கோ இந்த வரிசையே வேண்டாம், நேரே நெஞ்சு நோய் மருத்துவரிடம் அனுப்புங்கள்.

மிகவும் கவனம் வேண்டியது ரிப்போட் வந்த பிறகுதான். அதே ஆய்வில் சந்தேகம் என்று வந்த முடிவுகளில் நூற்றுக்கு 96 புற்றுநோய் இல்லை. பழைய காசநோய்த் தழும்பும் கட்டி போலத் தெரியும். பழைய படம் இருந்தால் கேட்டு வாங்கி ஒப்பிடவேண்டும். முடிவை லங்-ராட்ஸ் முறையில், அதாவது சந்தேகத்தின் அளவுக்கேற்ப எண் கொடுக்கும் முறையில், எழுதினால் அடுத்த அடி தெளிவு: 3 என்றால் ஆறு மாதத்தில் மீண்டும் ஸ்கேன், 4ஏ என்றால் மூன்று மாதத்தில். ஆங்கில ரிப்போட்டைக் கையில் கொடுத்து அனுப்பினால் அந்தத் திகதி யாருக்குத் தெரியும்? தமிழில் உட்கார்ந்து சொல்லுங்கள், மகனோ மகளோ உடனிருக்கட்டும், திகதியை எழுதிக்கொடுங்கள். வராதவரைத் தொலைபேசியில் தேட ஒருவரை நியமியுங்கள். ஒருநாள் சம்பளத்தை விட்டு பஸ் ஏறி வருபவர் தாமதிப்பது அலட்சியத்தால் மட்டும் அல்ல. கண்டி, பதுளை என்று மேல் சிகிச்சைக்கு எங்கே அனுப்புவது என்பதும் முதல் ஸ்கேனுக்கு முன்பே முடிவாகியிருக்கவேண்டும்.