கிக்ஸ்டார்ட்டரில் போர்டு கேமுக்குப் பணம் போடும் முன்: நாளைக்குப் பதில் சொல்லப்போவது யார்?

போர்டு கேம் ஆடுகிற வட்டத்துக்குள் நுழைந்த கொஞ்ச நாளிலேயே யாராவது ஒரு கிக்ஸ்டார்ட்டர் லிங்க் அனுப்பிவிடுவார்கள். இனிமேல்தான் செய்யப்போகும் பொருளுக்குப் பலரிடம் முன்கூட்டியே பணம் திரட்டும் (கூட்டுநிதி) தளம் அது. பெட்டி நிறைய மினியேச்சர் (குட்டிப் பொம்மைகள்), கண்ணைப் பறிக்கும் ஓவியம், பக்கத்தில் குறைந்துகொண்டே வரும் நாள் கணக்கு. கணக்குத் திறப்பது, கார்டு எண் கொடுப்பது இதையெல்லாம் நீங்களே செய்துகொள்வீர்கள், அதை எழுதப்போவதில்லை. பட்டனை அமுக்குவதற்கு முன் அரை மணி நேரம் எதையெல்லாம் பார்க்க வேண்டும், சொன்ன தேதியில் பெட்டி வராவிட்டால் யாரிடம் எப்படிக் கேட்க வேண்டும், இவ்வளவுதான் இந்தப் பதிவு. இழுத்தடித்த ஒரு விளையாட்டின் பணத்தை நான் திரும்ப வாங்கிய பிறகு, "எப்படி வாங்கினே?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் இங்கே.

ஆரம்பிப்பதற்கு முன்னால் ஒன்று. கிக்ஸ்டார்ட்டர் கடை இல்லை. 2012 செப்டம்பரில் அவர்களே இதைத் தலைப்பாகப் போட்டு எழுதினார்கள். ‘அபாயங்களும் சவால்களும்’ என்ற பகுதி எல்லாத் திட்டங்களுக்கும் கட்டாயமானதும் அப்போதுதான். ஒப்பந்தம் உங்களுக்கும் திட்டத்தை நடத்துகிறவருக்கும் இடையே மட்டும்தான், நாங்கள் அதில் ஒரு தரப்பு இல்லை என்று அவர்கள் விதிமுறை சொல்கிறது. பென்சில்வேனியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஈதன் மோலிக் 2015இல் வெளியிட்ட ஆய்வின்படி, நிதி திரட்டி முடித்த திட்டங்களில் சுமார் 9% சொன்னதைக் கொடுக்கவே இல்லை. இது எல்லா வகைத் திட்டங்களையும் சேர்த்த கணக்கு. தாமதமாக வந்தவை இதில் இல்லை.

படி 1: பெட்டியில் இருக்கும் பெயரை மறந்துவிட்டு, பணம் வாங்குகிறவரின் பெயரைத் தேடுங்கள்

நம்மூரில் தீபாவளிச் சீட்டு கட்டுகிறவர்கள் குத்துவிளக்கின் பளபளப்பைப் பார்த்துக் கட்டுவதில்லை. சீட்டுப் பிடிக்கிறவர் யார், வீடு எங்கே என்று விசாரித்துத்தான் கட்டுகிறார்கள். இங்கேயும் அதேதான்.

2012இல் ‘தி டூம் தட் கேம் டு அட்லாண்டிக் சிட்டி’ என்ற விளையாட்டுக்கு கிக்ஸ்டார்ட்டரில் 35,000 டாலர் கேட்டார்கள். 1,246 பேர் சேர்ந்து 1,22,874 டாலர் கொடுத்தார்கள். வடிவமைத்தவர்கள் கீத் பேக்கர், லீ மோயர் இருவரும் இந்தத் துறையில் பெயர் வாங்கியவர்கள். அந்தப் பெயர்களைப் பார்த்தே பணம் போட்டவர்கள் நிறையப் பேர் இருந்திருப்பார்கள். ஆனால் பணம் போய்ச் சேர்ந்தது அவர்களிடம் இல்லை. ‘தி ஃபோர்க்கிங் பாத்’ என்ற பெயரில் திட்டத்தை நடத்திய ஒரு தனிமனிதரிடம். 2013 ஜூலையில் அவர் திட்டத்தையே கைவிட்டுவிட்டதாகவும் பணத்தைத் திருப்பித் தருவதாகவும் அறிவித்தார். திருப்பித் தரவில்லை. வாடகைக்கும், ஓரிகனுக்குக் குடிபெயரவும், வேறொரு திட்டத்தின் உரிமங்களுக்கும் பெரும்பகுதி செலவாகிவிட்டது என்று அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் (நுகர்வோர் ஏமாற்றப்படுவதைக் கவனிக்கும் அரசு அமைப்பு) பிறகு குற்றம்சாட்டியது. 2015 ஜூனில் வந்த இந்த நடவடிக்கைதான் கூட்டுநிதித் திட்டம் ஒன்றின் மீது அந்த அமைப்பு எடுத்த முதல் நடவடிக்கை. 1,11,793 டாலர் கட்ட வேண்டும் என்று உத்தரவு. ஆனால் அவரிடம் கட்ட வழியில்லை என்று அதை நிறுத்திவைத்தார்கள். அரசாங்கமே ஜெயித்தும் பணம் வரவில்லை, கவனியுங்கள். விளையாட்டை கடைசியில் வெளியிட்டது கிரிப்டோசோயிக் என்ற வேறொரு நிறுவனம். பணம் போட்டவர்களுக்குக் காசு வாங்காமல் பெட்டி அனுப்பியதும் அவர்கள்தான். அனுப்பித்தான் ஆக வேண்டும் என்ற கடமை எதுவும் அவர்களுக்கு இல்லை.

அதனால் நீங்கள் செய்ய வேண்டியது: திட்டப் பக்கத்தில் நடத்துகிறவரின் பெயரை அமுக்குங்கள். இதற்கு முன் எத்தனை திட்டம் நடத்தியிருக்கிறார், மற்றவர்களின் திட்டங்களுக்கு எத்தனை முறை பணம் போட்டிருக்கிறார் என்று தெரியும். முன்பு நடத்தியிருந்தால் அந்தப் பழைய திட்டத்தைத் திறந்து, கருத்துப் பகுதிக்குப் போய்ப் புதியதிலிருந்து படியுங்கள். பணம் போட்டவர்கள் மட்டுமே அங்கே எழுத முடியும் என்பதால் குப்பை குறைவு. "என் பெட்டி எங்கே?" என்ற கேள்விக்கு எத்தனை நாளில் பதில் வருகிறது, பதில் வருகிறதா என்பதே போதும். பழைய விளையாட்டை இன்னும் அனுப்பி முடிக்காமல் புதியதற்கு நிதி கேட்கிறவருக்கு நான் பணம் போடுவதில்லை. இதில் விட்டுக்கொடுப்பே கிடையாது. யூடியூப் விமர்சனங்களையும் இந்தக் கட்டத்தில் நான் பார்ப்பதில்லை. அவர்கள் கையில் இருப்பது மாதிரிப் பெட்டி. விளையாட்டு நன்றாக இருக்கிறதா என்று மட்டும்தான் அவர்களால் சொல்ல முடியும்.

படி 2: அபாயப் பகுதி

சீக்கிரம் முடிந்துவிடும். "எங்கள் குழு அனுபவம் மிக்கது, தாமதம் ஏற்பட்டால் தெரிவிப்போம்" என்று மட்டும் இருந்தால் அங்கே ஒன்றும் இல்லை என்று அர்த்தம். எந்தத் தொழிற்சாலை, விலை எழுத்தில் வாங்கியாயிற்றா, கப்பல் கட்டணம் ஏறினால் யார் தலையில், இந்த மூன்றில் ஒன்றாவது இருக்க வேண்டும்.

படி 3: கேட்கும் தொகை உண்மையானதா என்று கணக்குப் போடுங்கள்

இங்கேதான் நிதானமாக உட்கார வேண்டும். புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் சறுக்குகிற இடமும் இதுதான். "இருபது நிமிடத்தில் இலக்கை எட்டிவிட்டோம்!", "500% நிதி!" என்றெல்லாம் போட்டிருப்பார்கள். அதைப் பார்த்ததும் பயம் போய்விடுகிறது. போகக் கூடாது.

கிக்ஸ்டார்ட்டரில் இலக்குத் தொகை சேராவிட்டால் யாரிடமிருந்தும் பணம் எடுக்க மாட்டார்கள். உங்களுக்கு அங்கே இருக்கும் ஒரே பெரிய பாதுகாப்பு அதுதான். ஆனால் இலக்கையே பொய்யாக வைத்தால் அந்தப் பாதுகாப்பு இல்லாமல் போகிறது. உதாரணத்துக்கு மினியேச்சர் நிறைந்த ஒரு விளையாட்டு, இலக்கு 10,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். சீனாவில் போர்டு கேம் செய்யும் பெரிய தொழிற்சாலைகள் பொதுவாக ஆயிரம் பெட்டிக்குக் குறைந்த ஆர்டரை எடுப்பதில்லை. அப்படியானால் ஒரு பெட்டிக்கு 10 டாலர். கிக்ஸ்டார்ட்டரின் 5% கட்டணம், கார்டுக்கான 3% சொச்சம் எல்லாம் போனால் சுமார் 9 டாலர். அதற்குள் அச்சிட வேண்டும், ஓவியருக்குக் கொடுக்க வேண்டும், கப்பலேற்ற வேண்டும். பிளாஸ்டிக் மினியேச்சருக்கு இரும்பு அச்சு வெட்டவே ஆயிரக்கணக்கில் டாலர் ஆகும். நடக்கிற காரியமா?

நடக்காது என்று தெரிந்தே 10,000 என்று போட்டிருக்கிறார்கள் என்றால் இரண்டில் ஒன்று. கையில் சொந்தப் பணம் இருக்கிறது, அதைப் பக்கத்தில் சொல்லியிருப்பார்கள். அல்லது 10,500 டாலர் மட்டும் சேர்ந்தால் என்ன செய்வது என்று அவர்களுக்கே தெரியாது. நேராகக் கேளுங்கள்: "இலக்குத் தொகை மட்டும் சேர்ந்தால் எத்தனை பெட்டி அடிப்பீர்கள், மீதிச் செலவு எங்கிருந்து வரும்?" ஒழுங்கான ஆள் இதற்கு இரண்டு வரியில் பதில் சொல்லிவிடுவார். கோபப்பட்டால் நகர்ந்துவிடுங்கள்.

நிறையச் சேர்ந்துவிட்டால் மட்டும் நிம்மதியா என்றால், அதுவும் இல்லை. ஸ்ட்ரெச் கோல் என்று, இலக்கைத் தாண்டிப் பணம் சேரும் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு அட்டை, ஒரு பூதப் பொம்மை, ஒரு கூடுதல் புத்தகம் என்று சேர்த்துக்கொண்டே போவார்கள். பெட்டி பெருக்கும். கூரியர்காரர்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை, பருமனையும் பார்ப்பார்கள். நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுத்தால் வருவது பருமன் எடை. 40 × 30 × 20 அளவுள்ள பெட்டி தராசில் 3 கிலோ காட்டினாலும் 4.8 கிலோவுக்குக் கட்டணம் போடுவார்கள். உயரம் 10 சென்டிமீட்டர் கூடினால் 7.2 கிலோ. அந்தக் கூடுதல் பூதங்களுக்கு நீங்கள் தனியாகக் காசு கொடுக்கவில்லை, ஆனால் யாரோ கொடுத்துத்தான் ஆக வேண்டும். 2021இல் கண்டெய்னர் கட்டணம் பல மடங்கு ஏறியபோது பல திட்டங்கள் தள்ளாடியது இதனால்தான். விலையைச் சொல்லிப் பணத்தை வாங்கியது முன்பு, கப்பலேற்றியது பிறகு.

இந்தக் கணக்குக்குப் பெரிய செயலி எதுவும் வேண்டாம், பேப்பரும் பேனாவும் போதும். ரெடிமேட் எக்செல் ஷீட்டுகள் இணையத்தில் கிடைக்கின்றன. எனக்குப் பிடிக்காது, எந்த எண் எங்கிருந்து வந்தது என்றே மறந்துவிடுகிறது.

படி 4: பணம் போடும் நாள்

கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை திறந்திருக்கிறதா என்று வங்கிச் செயலியில் பாருங்கள். புதிய கார்டுகளில் அது மூடியேதான் வரும். பணம் எடுப்பது நீங்கள் பட்டன் அமுக்கிய நாளில் இல்லை, நிதி திரட்டும் காலம் வெற்றிகரமாக முடிந்த பிறகு. அப்போது கார்டு மறுக்கப்பட்டால் சரிசெய்ய ஏழு நாள் கொடுப்பார்கள்.

ஷிப்பிங் பெரும்பாலும் பிறகுதான், பிளெட்ஜ் மேனேஜர் என்ற தனிப் பக்கத்தில் வசூலிப்பார்கள். பட்டியலில் இந்தியா என்று தனியாக இல்லாவிட்டால் ‘உலகின் மற்ற நாடுகள்’ வரிசையைப் பாருங்கள். சுங்க வரி தனி. பார்சல் வரும்போது கூரியர் நிறுவனம் கேஒய்சி கேட்டு மெசேஜ் அனுப்பும், அதை மோசடி என்று அழித்துவிடாதீர்கள். அதே நேரம் மெசேஜில் வரும் லிங்க்கையும் அமுக்காமல், நிறுவனத்தின் தளத்துக்கு நேராகப் போய்ச் செய்யுங்கள்.

அப்புறம், திட்டப் பக்கம் முழுவதையும் பிடிஎஃப் ஆகச் சேமித்துக்கொள்ளுங்கள். கேள்வி-பதில் பகுதி, ஷிப்பிங் அட்டவணை, ‘எதிர்பார்க்கும் மாதம்’ எல்லாம் அதில் தெரிய வேண்டும். புக்மார்க்கை நம்பாதீர்கள்.

படி 5: தேதி தாண்டிவிட்டது, இப்போது?

முதலில் காலண்டர். வராத பொருளுக்கு வங்கி வழியாகப் பணம் கேட்பதை சார்ஜ்பேக் என்பார்கள். விசா கார்டு விதியில், பொருள் வந்திருக்க வேண்டிய நாளிலிருந்து 120 நாள் அவகாசம் உண்டு. ஆனால் பணம் எடுத்த நாளிலிருந்து 540 நாளைத் தாண்டக் கூடாது. போர்டு கேம் திட்டங்களில் ‘ஒரு வருடத்தில் தருகிறோம்’ என்பது வழக்கம். அதற்கு மேல் ஆறு மாதம் "அடுத்த மாதம், அடுத்த மாதம்" என்று ஓட்டினால் உங்கள் கதவு மூடிவிட்டது. அதனால் சொன்ன மாதம் தாண்டியதுமே போனில் ஒரு நினைவூட்டல் வையுங்கள். கூட்டுநிதியைச் சாதாரண விற்பனையாக ஏற்பதா என்று முடிவு செய்வது வங்கி. எல்லா வங்கியும் ஏற்காது.

வங்கிக்குப் போவதற்கு முன் நடத்துகிறவருக்கு எழுதுங்கள். கிக்ஸ்டார்ட்டரின் விதிமுறையில் இதற்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. சொன்னதைச் செய்ய முடியாதவர் என்ன வேலை நடந்தது, பணம் எப்படிச் செலவானது, எது தடுக்கிறது என்று விளக்க வேண்டும். பணம் முறையாகச் செலவானதைக் காட்ட வேண்டும். மீதிப் பணம் இருந்தால் பெட்டி வராதவர்களுக்குத் திருப்பித் தர முன்வர வேண்டும், அல்லது அதை வைத்து வேறு விதமாக எப்படி முடிக்கப்போகிறார் என்று சொல்ல வேண்டும். என் கடிதம் இந்த வரிசையில்தான் இருந்தது. கோபம், சாபம் எதுவும் இல்லை. என் பிளெட்ஜ் எண் (நான் பணம் போட்டதற்கான பதிவு எண்), கட்டிய தொகை, தருவதாகச் சொன்ன மாதம், பிறகு நேரான கேள்விகள்: தொழிற்சாலைக்கு எவ்வளவு கட்டியாயிற்று, மீதி எவ்வளவு, என் பங்கு எவ்வளவு. கடைசியில் பதிலுக்கு ஒரு தேதி. "மோசடிக்காரா" என்று பொதுவில் எழுதினவர்களுக்குப் பதில் வரவில்லை. எனக்கு வந்தது, கொஞ்சம் கழித்துப் பணமும் வந்தது, கார்டுக் கட்டணம் போக.

போலீஸ், கோர்ட்டு? ‘அசைலம்’ என்ற, விளையாடும் சீட்டுக்கட்டுக்கான கிக்ஸ்டார்ட்டர் திட்டத்தைப் பாருங்கள். 2012இல் 810 பேரிடம் 25,146 டாலர் திரட்டியது, எதுவும் வரவில்லை. 2014இல் வாஷிங்டன் மாநில அட்டர்னி ஜெனரல் வழக்குப் போட்டார், 2015இல் 54,851 டாலர் கட்டத் தீர்ப்பானது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதில் பணம் போட்டவர்களுக்கான இழப்பீடு வெறும் 668 டாலர், அதுவும் அந்த மாநிலத்தில் இருந்த 31 பேருக்கு. மீதி அபராதமும் வழக்குச் செலவும். மற்ற 779 பேர் அந்தக் கணக்கிலேயே இல்லை. சென்னையிலோ கொழும்பிலோ இருந்து பணம் போடுகிறவர் எந்த வரிசையில் நிற்பார் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

பிற்சேர்க்கை: "கூடுதல் பணம் கேட்கிறார்கள், கட்டட்டுமா?"

இதைப் பலர் கேட்டுவிட்டீர்கள். 2022இல் மித்திக் கேம்ஸ் நிறுவனம் ‘டார்க்கெஸ்ட் டஞ்சன்’ போன்ற திட்டங்களில் ஏற்கெனவே பணம் கட்டியவர்களிடமே, செலவு ஏறிவிட்டது என்று மறுபடி கேட்டது. 2024இல் ‘6: சீஜ்’ உட்படச் சில விளையாட்டுகளை சி.எம்.ஓ.என். என்ற இன்னொரு போர்டு கேம் நிறுவனத்துக்குக் கைமாற்றியது. 2025இல் சீனப் பொருள்களுக்கு அமெரிக்கா வரியை 145% வரை ஏற்றியபோது, புதிய விளையாட்டு உருவாக்கத்தை நிறுத்திவைப்பதாக அந்த சி.எம்.ஓ.என்.னே அறிவித்தது. பதில் சொல்ல வேண்டியவர் கை மாறிக்கொண்டே போகிறார், பார்த்தீர்களா.

என் வழி இது: பெட்டிகள் அச்சாகி முடிந்து, தொழிற்சாலைக் கிடங்கில் அடுக்கியிருக்கும் படமும் கப்பல் கட்டண விலைப்பட்டியலும் காட்டினால், என் பங்கைக் கட்டுவேன். இன்னும் அச்சுக்கே போகவில்லை, அச்சடிக்கத்தான் பணம் வேண்டும் என்றால் கட்ட மாட்டேன். கட்டாதவர்களின் பெட்டி என்னவாகும் என்று எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகுதான் இரண்டில் எதையும் முடிவு செய்வேன். கேம்ஃபவுண்ட், பேக்கர்கிட் போன்ற மற்றக் கூட்டுநிதித் தளங்களில் பணம் போட்டவர்களுக்கும் இதுவே பொருந்தும். விதிமுறை மட்டும் தளத்துக்குத் தளம் வேறுபடும், அதைத் தனியாகப் படித்துக்கொள்ளுங்கள்.